சுவரில் எட்டாவது குரல்

பிற்பகல் இரண்டு மணிக்கு ஒலிப்பதிவுக்காரி அந்த விடுதிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு காலத்தில் மருத்துவமனை வார்டு. இப்போது வீட்டிலும் தெருவிலும் அடிபட்ட பிள்ளைகள் தங்குமிடம். வெளிச்சுவர் முழுக்க அவர்களே ஓவியம் வரைந்திருந்தார்கள். ஏழு பேர் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல, அதை அவள் பதிவுசெய்து சுவரிலிருந்து தெருவுக்கு ஒலிக்கவிட வேண்டும்.

காப்பாளர் கடைசி அறையைத் திறந்துவிட்டார். ஈரச் சுண்ணாம்பும் பினாயிலும் கலந்த வாடை. ஜன்னல்கள் ஆணியடித்து மூடியிருந்தன.

"இங்கதான் சத்தமே இருக்காது," என்று சிரித்தார். கண் மட்டும் மைக்கை விட்டு நகரவில்லை.

ஆறு பேர் பேசி முடித்தார்கள். ஏழாவதாக வந்தவள் பதினாறு வயதுப் பெண். அவள் வாய் திறக்கும் முன்பே ஹெட்போனில் ஒரு கிசுகிசுப்பு.

"மெதுவா பேசு. வெளியில நிக்கிறாரு."

பெண்ணின் உதடு அசையவில்லை.

ஒலிப்பதிவுக்காரி எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

காப்பாளர் நின்றிருந்தார்.

"தண்ணி குடுக்கலாம்னு வந்தேம்மா." கையில் தண்ணீர் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, பதிவைப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினாள். அவள் முகம் வெளிறியது.

"இது யாரும்மா?" என்று கேட்டாள் ஒலிப்பதிவுக்காரி.

"என்கூட இந்த ரூம்ல இருந்தவ. போன வருஷம் ஓடிப்போயிட்டான்னு சார் சொன்னாரு." குரல் இறங்கியது. "அவ செருப்பு இங்கயேதான் கெடந்துச்சுக்கா."

மாலையில் காப்பாளர் தனியாக வந்தார்.

"ஏதோ இரைச்சல் விழுந்திருக்காமே. வெட்டிருங்க."

அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சரி சார்," என்றாள். வெட்டவில்லை.

திறப்பு நாளில் தெருவே கூடியிருந்தது. ஏழு குரல்களும் ஒலித்து ஓய்ந்தன. பிறகு, அதே கிசுகிசுப்புக் குரலில், ஒலிப்பதிவுக்காரி பதிவே செய்யாத ஒரு பேச்சு.

"நான் ஓடல. தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்கேன்."

காப்பாளர் கூட்டத்தை விலக்கி நடந்தார். ஏழாவது பெண் குறுக்கே போய் நின்றாள்.

"எங்க சார் போறீங்க?"

தோண்டினார்கள். ஓடிப்போனதாகச் சொல்லப்பட்டவள் அங்கேதான் இருந்தாள். காப்பாளரைப் போலீஸ் கொண்டுபோனது.

மறுவாரம் கருவிகளை எடுக்க ஒலிப்பதிவுக்காரி மறுபடி அந்த அறைக்குள் போனாள். வயர்களை உருவினாள். மைக்கைப் பெட்டிக்குள் வைத்தாள். பதிவுக்கருவியின் பேட்டரியையும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

கருவியில் ஒலியளவு காட்டும் இரண்டு முட்களில் ஒன்று ஏறி இறங்கியது, யாரோ பேசுவதுபோல.

அது அடங்கியது.

மற்றது அசையத் தொடங்கியது, இன்னொருத்தி பதில் சொல்வதுபோல.