டெய்லரம்மாவுக்குப் பாதி விலை

சமையல் மேடையை ஒட்டித் தரையில் ஒரு பலகை போட்டிருந்தார்கள்.

அவள்தான் முதலில் பார்த்தாள். ஒரு சாண் உயரம்; மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளம்; நடுவில் யாரோ வருஷக்கணக்காக நின்று நின்று வழவழவென்று தேய்ந்திருந்தது. கை கழுவும் தொட்டிக்குக் கீழே இன்னொரு பலகை. கொல்லைப்பக்க மதிலின் ஓரமாக, நீளத்துக்கும், மூன்றாவது. முப்பத்தொரு வருஷம் ஊரார் இடுப்பையும் தோளையும் அளந்து பிழைத்த தையல்காரியின் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா?

"இது எதுக்குங்க?" என்று வீட்டுத் தரகரைக் கேட்டாள்.

"முன்னாடி இருந்தவங்களுக்குக் குழந்தைங்கக்கா." பதில் அவர் வாயில் முன்பே தயாராக நின்றது போல வந்தது.

அவள் சுவர்களைப் பார்த்தாள். கிறுக்கல் ஒன்றுகூட இல்லை. சுவரில் கிறுக்காத குழந்தையை அவள் இதுவரை கண்டதில்லை.

"அந்தப் பலகையை ஏன் அப்படி முறைக்கிற? அது எழுந்து வந்து உன்னைக் கடிக்கப் போறதில்ல," என்றார் கணவர். அவருக்கு அதற்குள் வீடு பிடித்துப் போயிருந்தது. ஜன்னல் கம்பியைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார், கன்றுக்குட்டியைத் தடவுவது போல.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளோடு கோப்பாகக் கிடந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷமும் வாடகை வீடு. ஆணி அடித்தால் மேல்மாடியிலிருந்து வீட்டுக்காரி இறங்கி வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போவாள். நகரத்தில் அவர்கள் சேமிப்புக்கு ஒரு குளியலறையில் முக்கால்வாசி கிடைத்திருக்கும்; குழாய் தனி. அதனால் சின்ன ஊராகப் பார்ப்போம் என்று ஒரு நோட்டுப் போட்டு, எட்டு மாதமாக ஊர் ஊராகப் போய் மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்தார். ஓர் ஊரில் தண்ணீர் உப்பு. இன்னோர் ஊரில் ரயில் பாதை வீட்டுக்குள்ளேயே ஓடாத குறை. பன்னிரண்டாவதாக வந்தது இந்த ஊர். அவர் நூற்றுக்கு நூற்றுப் பத்து போட்டார்.

"அக்கா என்ன பண்றாங்க?" தரகர் சும்மா கேட்பது போலத்தான் கேட்டார்.

"டெய்லர். ஆம்பளைத் துணி, பொம்பளைத் துணி எல்லாம் தைப்பா. கை அப்படி," என்றார் கணவர் பெருமையாக.

தரகர் ஒரு கணம் அவள் விரல்களையே பார்த்தார். பிறகு வெளியே போய்க் கைபேசியில் யாரிடமோ பேசிவிட்டு வந்து, சொன்ன விலையில் பாதி சொன்னார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் சார். நான் இந்த ஊர்ல தங்குறதில்ல."

இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன மனிதரை அப்புறம் என்ன குறை சொல்வது!

*

குடி வந்தார்கள். பத்திரம் பதிந்தார்கள். கையில் இருந்ததெல்லாம் வீட்டுக்குள் போயிற்று. கணவர் முதல் நாளே இருபத்திரண்டு ஆணி அடித்தார். மாட்ட ஒன்றுமில்லை, ஆனாலும் அடித்தார்.

ஊர் நல்ல ஊர்தான். பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற ஜனம். ஆனால் யாரையும் முழுசாகப் பார்க்க முடியவில்லை என்பதை அவள் மெல்ல மெல்லக் கவனித்தாள். மருந்துக் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் மார்பளவு தெரிந்தார். தபால் அலுவலகப் பெண் கம்பிக்கு உள்ளே. தெருவில் போனால் இரண்டு பக்கமும் ஜன்னல்களில் முகங்கள். வாசலில் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தினமும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "டெய்லரம்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள், கேட்டபடியே மதிலோரமாக வழுக்குவது போல நகர்ந்து போவாள். மதியம் மூன்று மணிக்கு, வெயில் தரையில் மஞ்சளாகக் கிடக்கும்போது, ஏதாவது ஒரு வீட்டிலிருந்து பலகை அறுக்கிற சத்தம் வரும். பச்சை மரத்தூள் வாசனை தெருவெல்லாம் பரவி, அவள் தைக்கிற துணியில் ஏறிக்கொள்ளும். அதோடு சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடுவார்கள். தடதடவென்று சின்னச் சின்ன அடிகள். குழந்தை என்று நினைத்து அவள் சிரிக்கப் போகும்போது, அந்த அடிகள் நின்ற இடத்திலிருந்து ஒரு கிழட்டு இருமல் வரும்.

ஒரு மாதம் கழித்துக் கணவரின் கால்சட்டை தரையைப் பெருக்கியது.

நாற்பது அங்குலம். கல்யாணமான வாரம் அளந்தது. அன்றிலிருந்து மாறாத அளவு. அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றரை அங்குலம் மிச்சம்.

தையல் கடையில் அவள் கற்றுக்கொண்ட முதல் சட்டம் இது: உடம்பு மாறிவிட்டது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. துணி இழுத்துக்கொண்டது, துணி சுருங்கிவிட்டது. குற்றம் எப்போதும் துணி மேல்தான். வயிறு இரண்டு சுற்றுப் பெருத்து வருகிறவரிடம்கூட, "துவைச்சதுல சுருங்கிடுச்சுங்க" என்று சொல்லித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தில், ஒன்றும் பேசாமல் கால் பக்கம் மடித்துத் தைத்தாள்.

அடுத்த மாதம் மூன்று அங்குலம். சட்டைத் தோள் இறங்கியது, பிடித்துத் தைத்தாள். கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரிய ஆரம்பித்தபோது, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆணியைப் பிடுங்கிக் கண்ணாடியைக் கீழே மாட்டினாள். நாற்காலிக் காலை அறுத்தாள். அவருக்குத் தெரியக் கூடாது. முப்பத்தொரு வருஷம் கழித்துச் சொந்த வீட்டில் சிரிக்கிற மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"பாத்தியா? இந்த ஊர்த் தண்ணி வாகு. துணியெல்லாம் எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு," என்றார் அவர், கையை வீசிக்கொண்டு.

ஒரு நாள் காய்கறி வாங்கிவிட்டு வந்தாள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. கணவர் பலகை மேல் நின்று வடிகட்டினார். ஏதோ பாட்டு முணுமுணுத்தார். கால் சரியாக அந்தத் தேய்ந்த இடத்தில் இருந்தது.

"நல்ல வசதியாத்தான் போட்டிருக்காங்க," என்றார் திரும்பாமலே.

அவள் தன்னை அளந்தாள். கதவில் முதுகைச் சாய்த்து, உச்சந்தலையில் ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, மூன்று தரம். அவள் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

*

ஐந்தாம் மாதம் பக்கத்து வீட்டு அக்கா முதல்முறையாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கேட் திறந்தது தெரிந்தது, ஆளைக் காணோம். பிறகு தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம் நரைத்த வகிடு ஒன்று நகர்ந்து வந்தது. அக்காவின் உயரம் அவ்வளவுதான். மெஷின் மேசை அளவு.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க டெய்லரம்மா. போன வாரம் போட்டது, அதுக்குள்ள தொளதொளங்குது." ஒரு ரவிக்கையை மேசை மேல் எறிந்தாள். எறியத்தான் முடிந்தது. "உங்க வீட்டுக்காரர் சூப்பர்மா. எங்களுக்கெல்லாம் வருஷம் ஆச்சு. அவருக்கு அஞ்சே மாசம்! ஊரை அவ்வளவு பிடிச்சுப்போச்சு போல."

"நான் மட்டும் ஏன்..." அவள் பார்வை கதவிலிருந்த பென்சில் கோட்டுக்குப் போயிற்று.

"தைக்கிறவங்களை ஊர் தொடாது. கால் சின்னதாயிட்டா மெஷினை யாரு மிதிக்கிறது?" அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "முந்தின டெய்லரம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஊரே துணி நழுவி நழுவி அம்மணமா நின்னோம், போங்க! தரகர் உங்களைப் பத்திச் சொன்னப்ப மருந்துக் கடைக்காரர் குதிச்சாரு பாருங்க, கல்லாவை விட உயரமா! அதான் உங்களுக்குப் பாதி விலை. மீதியை ஊர்ல எல்லாரும் சேர்ந்து போட்டோம்."

"ஊரைத் தாண்டிக் கூட்டிட்டுப் போனா?"

"எல்லைக் கல்லைத் தாண்டினா வளந்துடுவாங்க. பழைய உயரம் அப்படியே வந்துரும்."

"அப்புறம் ஏன் யாரும் போகல?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "போனவங்க இருக்காங்களே," என்றாள். "ரவிக்கை வெள்ளிக்கிழமை கிடைக்குமா?"

*

ஏழாம் மாதம் அவர் அவள் முழங்கை நீளம் இருந்தார். தலையணையில் குறுக்காகப் படுத்தார். குரல் தகர டப்பாவுக்குள் சில்லறை போல ஒலித்தது. சந்தோஷம் மட்டும் குறையவே இல்லை. வீடு நாளுக்கு நாள் பெரிதாகிறது என்று பூரித்துப் போனார். "அரண்மனைடி!" என்றார் ஒரு நாள். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

காலையிலிருந்து அவருக்குக் குளிர். பழைய துணி எல்லாம் பெரிது. அவருடைய அலுவலகச் சட்டையை எடுத்தாள், கெட்டித் துணி. இரட்டையாக மடித்து, கணுக்கால் வரை வருகிற மாதிரி காலர் வைத்து ஒரு நீளச் சட்டை வெட்டினாள். சாதாரண நூல் அவர் கழுத்தில் கயிறு மாதிரி உறுத்தும். ஆகவே மீன் தூண்டில் நரம்பில் மிக மெல்லிசாகப் பார்த்து எடுத்து, பொடித் தையலாக, ஓரமெல்லாம் இரண்டு ஓட்டு ஓட்டினாள். அந்த அளவுக்குப் பொத்தான் எங்கே கிடைக்கும்? போட்டுவிட்ட பிறகு முதுகைத் தைத்தே மூடினாள். அவ்வளவு நேர்த்தியாக அவள் வாழ்நாளில் தைத்ததில்லை.

"கதகதன்னு இருக்குடி," என்றார்.

மணி மூன்றே முக்கால். அவரைத் தூக்கித் துணிப்பையில் வைத்தாள்.

"என்ன பண்ற? ஏய்! நான் எங்கயும் வரல. இது என் வீடு!"

கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவர் பேச்சை அவள் கேட்கவில்லை. நாடாவை இழுத்துக் கட்டினாள். தெரு நெடுக ஜன்னல்களில் முகங்கள். ஒருவரும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலிருந்து கையாட்டினாள். "பார்த்துப் போய்ட்டு வாங்க!"

நாலு மணி பஸ்ஸில் நல்ல கூட்டம். கடைசி சீட்டின் மூலையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். வியர்வை நாற்றம், டீசல், யாரோ உரித்த ஆரஞ்சுத் தோல். கண்டக்டர் பையைப் பார்த்தார்.

"என்னம்மா, கோழியா? இந்தத் துள்ளு துள்ளுது. உசிருள்ளதுக்கு டிக்கெட் உண்டு."

இரண்டு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

எல்லைக் கல் ஜன்னலில் வந்தது. போயிற்று.

பை கனத்தது.

முதலில் நம்பவில்லை. தொடையில் அழுத்தம் கூடியது. ஒரு பூனைக் கனம். பிறகு குழந்தைக் கனம். அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. வளர்கிறார். வீடு போனால் போகட்டும், சனியன். ஆள் வருகிறார்.

"ஏய்," என்றது பை. அவருடைய பழைய குரல், ஏறக்குறைய. "டைட்டா இருக்குடி."

முப்பத்தொரு வருஷம் கேட்ட புகார். நாக்கு தானாகப் பதில் சொன்னது.

"போடப் போடச் சரியாயிடும்."

சொன்ன வாய் திறந்தபடி நின்றது.

நாடாவை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு வரவில்லை. இழுத்தாள். கத்திரிக்கோல். கத்திரிக்கோல் மெஷின் மேல். பல்லால் கடித்தாள். நாடா அறுந்தது.

"நிறுத்துங்க! யாராவது கத்தி குடுங்க! பிளேடு! பிளேடு இருக்கா?"

கூட்டம் திரும்பியது. யாரோ எழுந்தார்கள். சட்டையின் முதுகுத் தையலில் அவள் வாய் வைத்துக் கடித்தாள். நரம்பு வழுக்கியது. ஈறில் ரத்தம். நகத்தால் கீறினாள். நகம் போயிற்று. துணி இரட்டை மடிப்பு. கெட்டித் துணி.

பை பக்கவாட்டில் கிழிந்தது.

தலை வந்துவிட்டது. முழுத் தலை. அவருடைய பழைய தலை, வழுக்கை, காதோரம் நரை. இரண்டு கைகள், மணிக்கட்டிலிருந்து முழுசாக. இரண்டு பாதங்கள், சீட்டுக்குக் கீழே, நல்ல பெரிய பாதங்கள். கண்கள் அவளையே பார்த்தன. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

நடுவில் சட்டை. காலர் விறைப்பாக நிற்க, ஒரு முழச் சட்டை.

ஒரு தையல்கூட விடவில்லை.