டைரக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்!

“அசையாதே...!”

பின்கழுத்தில் ஜில்லென்று ஏதோ பட்டது.

துப்பாக்கி!

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கன்சல்டண்ட்டுக்கு வியர்த்துக் கொட்டியது. பிழைக்க வந்த நாடு. மூன்றாவது மாடி. வாடகை அறை. கத்தினால் ஓடி வரக்கூட ஒரு நாதி கிடையாது. பாவம்!

“யா... யார் நீங்க?”

“அது உனக்கு எதுக்கு? இந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போடு. நாளையிலேர்ந்து உன் கம்பெனி எங்களுக்குத்தான் வேலை செய்யணும்!” முகமூடிக்காரன் உறுமினான்.

“முடியாதுங்க.”

“உயிர் மேல ஆசை இல்லையா?”

“ஆசை இருக்கு. அதிகாரம்தான் இல்லை! கம்பெனி ஊர்ல இருக்கு. டைரக்டர் என் பொண்டாட்டி. நான் வெறும் வேலையாள். இங்க உக்காந்து முடிவெடுத்தா, கம்பெனியையே இங்கேர்ந்துதான் நடத்தறோம்னு சொல்லி, மொத்த வருமானத்துக்கும் இந்த நாட்டு வரியைத் தீட்டிடுவாங்க. வீட்டை வித்தாக்கூட கட்ட முடியாதுங்க!”

“சுட்டுடுவேன்...!”

“சுடுங்க. அது உங்க முடிவு. அதுல வரிச் சிக்கல் இல்லை.”

முகமூடிக்காரன் ஆடிப்போனான். கொலை மிரட்டலுக்கு இப்படி ஒரு பதிலா!

“உன் டைரக்டருக்கு ஃபோனைப் போடு. ஸ்பீக்கர்ல!”

போட்டான்.

“என்னங்க?” மனைவியின் குரல்.

“இங்க ஒருத்தர் துப்பாக்கியோட வந்து கையெழுத்து கேக்கறார்மா. டைரக்டர் என்ன சொல்றீங்க?”

மறுமுனையில் மூச்சு இரைத்தது.

“போடக் கூடாது!”

டொக்! லைன் கட்.

“கேட்டீங்கல்ல? சு... சுடுங்க...” கன்சல்டண்ட் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

வெடித்தது... சிரிப்பு!

முகமூடி கழன்றது. உள்ளே வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி. மேஜை மேல் ஓர் அடையாள அட்டை விழுந்தது.

“வரி ஆபீஸ் இன்ஸ்பெக்டர். இது பொம்மைத் துப்பாக்கி. எல்லா முடிவும் நீங்கதான் எடுக்கறீங்கன்னு எங்களுக்குச் சந்தேகம். சாகப் போற நேரத்துலயும் டைரக்டரைக் கேக்கற ஆளை இப்பதான் சார் பாக்கறேன். ஃபைலை மூடிடறேன்!”

கன்சல்டண்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனந்தத்தில் இன்ஸ்பெக்டரைக் கட்டிப்பிடித்தான்.

டமால்!

கதவு திறந்தது. ஓங்கிய குடையுடன் ஒரு பெண்.

அவன் மனைவி!

“எங்க அந்தத் துப்பாக்கிக்காரன்?”

“நீ... நீ எப்படி இங்க?”

“ஒரு வாரமா எதிர் ஹோட்டல்லதான் இருக்கேன்! எதுக்கெடுத்தாலும் ‘உன்னைக் கேக்காம செய்ய மாட்டேன்’னு சொல்ற புருஷன் எங்கயாவது உண்டா? ஏதோ தில்லுமுல்லுன்னு வேவு பாக்க வந்தேன்...” அவள் குரல் தழுதழுத்தது. “துப்பாக்கி முனையிலகூட என்னைக் கேட்டீங்களே! உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே!”

கன்சல்டண்ட் கண்ணைக் காட்டினான். கையை ஆட்டினான். அவள் கவனித்தால்தானே!

இன்ஸ்பெக்டர் குழைந்தார். “அப்போ ஒரு வாரமா கம்பெனி வேலையெல்லாம் அப்படியே நின்னு போயிருக்குமே, மேடம்?”

“நிக்க விடுவேனா? எல்லா முடிவும் ஹோட்டல் ரூம்லேர்ந்தே எடுத்தேன். கையெழுத்தும் அங்கதான்!” பெருமையில் அவள் முகம் ஜொலித்தது.

மூடிய ஃபைல் மறுபடி திறந்தது.

“சார்... எனக்கு மயக்கம் வர்ற மாதிரி இருக்கு. விழலாமா?”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

“தாராளமா விழுங்க! இனிமே எந்த முடிவையும் நீங்க இங்கேயே எடுக்கலாம்!”