தூண் எண் சொன்னால்தான் அட்டை

காலை 10.25. ஹோட்டலின் அடித்தளத்தில் கார் டிக்கியைத் திறந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது. ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு கிடந்தது. வயலின் பெட்டியைக் காணோம்.

“அண்ணா…” என்றாள். டிக்கிக்குள் கையைக் காட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு வாசிப்புத் தேர்வு. பெரிய இசைக்குழுவில் ஒரே ஓர் இடம் காலி. கிடைத்தால் இந்த ஊரிலேயே வேலை, இங்கேயே ஜாகை. அதற்காகத் தினமும் உடம்புக்கு முடியாத அப்பாவைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பழகியவள். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். “நேத்து டிக்கியப் பூட்டினேனா இல்லையான்னே ஞாபகமில்லையே! அந்த அட்டைக் களேபரத்துல எல்லாம் மறந்துபோச்சு.”

அண்ணி டிக்கியிடம் குனிந்தாள். அடிபட்ட வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பரிசோதிப்பது அவள் வேலை. லாரி மோதியது என்று சத்தியம் செய்பவன் சொந்த வீட்டு கேட்டில் இடித்ததை பம்பரைப் பார்த்தே சொல்லிவிடுவாள். டிக்கிப் பூட்டின் மேல் விரலை ஓட்டினாள். கீறல் இல்லை, நெம்பிய தடம் இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின் இருக்கையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், டேஷ்போர்டில் பச்சை அட்டை, அதன் பக்கத்தில் அண்ணனின் கூலிங்கிளாஸ். கதவுகள் எல்லாம் பூட்டியே இருந்தன.

அட்டைக் களேபரம் என்று அவன் சொன்னது பொய்யில்லை. அந்த ஹோட்டலில் மனிதனுக்கு அறை சுலபமாகக் கிடைத்துவிடும், காருக்கு இடம் வாங்குவதற்குள் பிராணன் போய்விடும். வாசலில் நிறுத்திக் கேட்டால், “எந்தத் தூண்கிட்ட நிறுத்தியிருக்கீங்க? தூண் நம்பர் சொன்னாத்தான் அட்டை” என்பார்கள். கீழே நிறுத்திவிட்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டு மேலே வந்து, அட்டையை வாங்கி மறுபடி கீழே போய்க் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். அதற்குள் சக்கரத்தில் பூட்டு தொங்கும். நேற்று மாலை அதுதான் நடந்தது. அண்ணன் தொண்டை கிழியக் கத்தி, காவலாளியோடு மல்லுக்கு நின்று, ஒருவழியாக மஞ்சள் அட்டையை வைத்துவிட்டு மூச்சு வாங்க மேலே வந்தான். அதோடும் விட்டார்களா? தினம் ஒரு நிறமாம். அறையை யார் பேரில் பதிவு செய்தார்களோ அவரே காலையில் வரவேற்பு மேசைக்கு வந்து அன்றைய அட்டையை வாங்க வேண்டுமாம். பத்து மணிக்குக் காவலாளி சுற்றி வருவார், பழைய அட்டையோடு நிற்கும் வண்டிக்குப் பூட்டு.

அந்தக் கூச்சலில்தான் வயலின் டிக்கியிலேயே தங்கிப்போனது. மற்றப் பைகளை எல்லாம் தூக்கி வந்த அண்ணன், “அது இருக்கட்டும். ரூம்ல வாசிக்க விடமாட்டாங்களாம். காலைல எடுத்துக்கலாம்” என்றான். தங்கைக்கு மனசே இல்லை. ஆனால் சாவியும் அவனிடம், கோபமும் அவனிடம். சரி என்று விட்டுவிட்டாள்.

10.40. மேனேஜர் இறங்கி வந்தார். அண்ணன் காவலாளியை நோக்கிக் கையை நீட்டினான்.

“நேத்து எனக்கும் இவருக்கும் தகராறு. அந்தக் காட்டத்துல இவர்தான் எடுத்திருக்கணும்.”

காவலாளிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முகம் சுண்டிப்போனது. “நான் பூட்டுப் போடுவேன் சார். திருட மாட்டேன்.”

“தொப்பியக் கழட்டி வச்சிட்டு ஆபீஸ்ல உக்காருங்க. போலீஸ் வரட்டும்” என்றார் மேனேஜர். விசாரணை முடிந்துவிட்ட மாதிரி கையை உதறிக்கொண்டார்.

அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். போலீஸ் வந்து, எழுதி, கேட்டு முடிப்பதற்குள் தேர்வு நடந்தே முடிந்துவிடும். தூணுக்கும் தூணுக்குமாக நடந்தபடியே காவலாளியைக் கேட்டாள்.

“பெட்டியோட யாராவது வெளிய போனாங்களா?”

“வண்டிங்க ஏறுற வழியில நான்தாம்மா நிக்கறேன். அந்த வழியா நடந்து யாரும் போகல. வண்டியும் ஒண்ணுவிடாம பாத்துத்தான் அனுப்பினேன்.”

“லிப்ட்?”

“அது அந்தக் கோடியில. இங்கேருந்து தெரியாது.”

“பத்து மணிக்குச் சுத்தி வந்தீங்களா?”

“வந்தேம்மா. ரெண்டு வண்டிக்குப் பூட்டுப் போட்டேன்.”

“எங்க வண்டிக்கு ஏன் போடல?”

“எதுக்கும்மா போடணும்? உங்க அட்டை சரியாத்தானே இருந்துச்சு!”

அண்ணியின் நடை நின்றது. மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

“என்னங்க, நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் நீங்க கீழ வரவே இல்லையா?”

“எத்தன தடவ சொல்றது? உங்ககூட இப்பத்தான் வர்றேன்.”

“சாவி?”

“என் பாக்கெட்லயேதான் இருந்துச்சு.”

வீட்டில் பத்து மணி வரை பனியனோடு திரிகிற மனிதர். இன்று காலை அவள் கண் விழித்தபோது ஷூ மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வந்த பரபரப்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். இப்போது சிரிப்பு வரவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெளியே தெரிந்தால் மானம் போகும், பதினெட்டு வருடக் குடித்தனம். எதிரே காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் மனம் முடிவுக்கு வந்துவிட்டது.

“எல்லாரும் மேல வாங்க” என்றாள்.

11.05. வரவேற்பு மேசை.

“டிக்கியத் திறந்தவன் பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டே இருப்பான். முன்பக்கம் அவனுக்கு என்ன வேலை?” என்று ஆரம்பித்தாள் அண்ணி. “நேத்து எங்க வண்டியில இருந்தது மஞ்சள் அட்டை. இப்ப பச்சை இருக்கு. இன்னைக்கு நிறம் பச்சை, காலைலதான் குடுத்திருக்காங்க. காவலாளி கேட்டாக் குடுக்க மாட்டாங்க. என்கிட்டயும் இவகிட்டயும் குடுக்க மாட்டாங்க. ரூம் பதிவு இவர் பேர்ல, இவர்கிட்டதான் குடுப்பாங்க. பூட்டின வண்டிக்குள்ள அதக் கொண்டுபோய் வைக்கச் சாவி வேணும். ரெண்டும் இருக்கற ஆள் ஒருத்தர்தான். அவர்தான் கீழ வரவே இல்லங்கறாரு.”

எல்லாத் தலையும் அண்ணன் பக்கம் திரும்பியது. “நீ என்ன உளர்ற?” என்றான். குரலில் சுரத்து இல்லை.

“பெட்டி வெளிய போகல. லிப்ட்ல மேல வந்திருக்கு. ரூமுக்கு வரல, அங்க நான் இருந்தேன். இதோ, இந்த மேசைய ஒட்டி சாமான் அறை. இங்க குடுத்திருக்கீங்க. அப்படியே இன்னைக்கு அட்டையும் கைக்கு வந்திருச்சு. அதோட விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. மறுபடி பூட்டுப் போட்டுருவாங்களோன்னு பயந்து, திரும்பக் கீழ போய் ஒழுங்கா வச்சிட்டு வந்தீங்க பாருங்க, அதுலதான் மாட்டிக்கிட்டீங்க.”

மேசைக்குப் பின்னால் இருந்தவர் அப்போதுதான் வேலைக்கு வந்தவர். காலையில் இருந்தவர் வீட்டுக்குப் போயாகிவிட்டது. இவர் சாமான் அறைக் கதவைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “டோக்கன் இல்லாம எதுவும் வெளிய தரக்கூடாது மேடம். அது ரூல்.”

அந்த ஹோட்டலின் விதிகளில் ஒன்றாவது அண்ணிக்கு முதல்முறையாகப் பிடித்தது. கணவன் முன்னால் கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து பித்தளை வில்லை ஒன்றை எடுத்து அதில் வைத்தான்.

“சாயங்காலம் எடுத்துக் குடுத்திருப்பேன்” என்று முனகினான். “இவ இங்க வந்துட்டா அப்பாவ யார் பாத்துக்குவா? நீ வேலைய விடணும். உனக்காகவும் சேத்துதானே யோசிச்சேன்!”

அண்ணிக்குச் சுருக்கென்றது. “எனக்காக யோசிச்சீங்க, அவளுக்காகவும் நீங்களே யோசிச்சிட்டீங்க. உங்க அப்பாவ நீங்க பாத்துக்கலாம்னு மட்டும் தோணவே இல்ல.”

தங்கை பெட்டியைத் திறந்து தந்திகளைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. “போகாதேன்னு நேராச் சொல்லியிருந்தா, நான் வந்திருக்கவே மாட்டேண்ணா.”

அவன் முகம் அப்போதுதான் உடைந்தது. அண்ணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டாள்.

“மொதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க” என்று காவலாளியைக் காட்டினாள். “சார், நீங்களுந்தான்.” மேனேஜர் தொண்டையைச் செருமினார். “அப்புறம் அப்பாவுக்கு போன் பண்ணுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எத்தன நாள் பாப்பாங்க? நீங்க எங்ககூட வர வேண்டாம்.”

11.20. வண்டி தெருவில் ஏறியது. போக்குவரத்து நெரிசல். ஒவ்வொரு சிக்னலிலும் அண்ணியின் விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் தங்கை மடியில் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது.

கேட்டுவிட்டு, போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

“அண்ணன்தான் அண்ணி. அப்பா மத்தியானம் என்ன சாப்பிடுவார்னு கேக்கறான்.”

“அப்பாவையே கேக்கச் சொல்லு” என்றாள் அண்ணி.