இருமாமல் வந்தவர்

கப்பலிலிருந்து முதலில் இறங்கியது ஆர்மோனியம். அதற்குப் பின்னால் பதினோரு பெட்டிகளும் ஒரு தகரக் குளியல் தொட்டியும் இறங்கின. கடைசியாகத்தான் மிசி கார்டைன் இறங்கினார். எங்கள் எமாரு தீவில் வெள்ளைக்காரப் பாதிரிகளை மிசி என்றுதான் கூப்பிடுவோம். இவருக்கு இருபத்து மூன்று வயது. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே கரையிலிருந்த எங்களை ஆசீர்வதிக்க ஆரம்பித்தார். ஓர் அலை வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. ஆசீர்வாதம் நிற்கவில்லை. அதற்காகவே அவரைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

பக்கத்தில் நின்ற தலைவர் தாரிபோவா என் விலாவில் இடித்தார்.

"கல்தாக், இது எத்தன நாளு தாங்கும்?"

"நோஞ்சானா இருக்கே தலைவரே."

"தாங்க வைக்கிறது உன் பொறுப்பு. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊருக்கே சங்கு. என் பன்னிய மறந்துட்டியா?"

அந்தப் பன்றியை யாரால் மறக்க முடியும்? ஏழு மாதம் முன்பு பழைய பாதிரி லோரிமர் செத்தபோது விசாரிக்க ஒரு போர்க்கப்பல் வந்தது. விஷம் வைத்தீர்களா என்று கேப்டன் கேட்டார். காய்ச்சல், படுக்கையிலேயே போய்விட்டார் என்றேன். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் நான்தான் என்பதால் பதில் சொல்லும் பாக்கியமும் எனக்கே. கேப்டன் அதை அழகாக எழுதிக்கொண்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று பீரங்கியால் கரையைச் சுட்டார். மூன்று தென்னை, ஒரு படகுக் கொட்டகை, தலைவரின் ஆண்பன்றி. பன்னிரண்டு வருஷம் வளர்த்து, கோரைப்பல் வளையல்போல் ஒரு முழுச் சுற்று சுற்றியிருந்த பன்றி. "அடுத்த பாதிரிக்கு ஏதாவது ஆனால் ஊரையே கொளுத்திவிடுவேன்" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கேப்டன் போனார்.

அடுத்த கப்பல் வர மூன்று மாதம். அதுவரை இந்தக் கோட்டுக்குள் மூச்சு இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மிசி கார்டைன் எங்கள் பாஷையை லோரிமர் மொழிபெயர்த்த சுவிசேஷத்திலிருந்து கற்றவர். குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட பிரசங்கம்போல இருக்கும். குன்றின் மேலிருந்த மிஷன் வீட்டைப் பார்த்ததும் கேட்டார்:

"இந்த இல்லத்தின் கதவு எங்கே?"

"கழட்டிட்டோம் மிசி."

"எதன் பொருட்டு?"

"காத்து வரட்டுமேன்னு."

சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நாங்கள் சொல்வதெல்லாம் அந்த நோட்டுக்குள் போகும். திரும்ப வெளியே வந்ததில்லை.

நாலாம் நாள் கதவை அவரே கண்டுபிடித்தார். லோரிமர் கல்லறையின் மேல் அது குப்புறக் கிடந்தது. மேலே பவளப்பாறைக் கற்களை அடுக்கியிருந்தோம். திருட்டுச் சாமானைப் பிடித்த போலீஸ்காரர்போல என்னைப் பார்த்தார்.

"உறங்கும் பரிசுத்தவான் மீது இத்தகைய அவமதிப்பா! உடனே இதைக் கொண்டுபோய் மாட்டு."

"வேணாம் மிசி. அது அங்கயே இருக்கட்டும்."

"காரணம்?"

சரிந்திருந்த ஒரு கல்லைத் தூக்கிக் கதவின் மேலேயே திருப்பி வைத்தேன். என் மனைவி லெய்சாலே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நோட்டு மறுபடியும் வெளியே வந்தது.

கதவை மாட்டினேன். அதற்குமுன் என் வாழ்நாளில் கதவு மாட்டியதில்லை. எங்கள் வீடுகளுக்கு வாசலில் ஒரு பாய் தொங்கும், அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்த தாழ்ப்பாள் பன்றிப்பட்டியின் குறுக்குக்கட்டை. அது வெளிப்பக்கம்தான் இருக்கும். ஆகவே இரும்புத் தாழ்ப்பாளையும் வெளிப்பக்கமே அடித்துவிட்டேன். மிசி பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். "இருக்கட்டும். தேவ ஊழியனுக்கு உட்தாழ்ப்பாள் எதற்கு?" இதையும் எழுதிக்கொண்டார். அவர் சொன்னதையே அவர் எழுதிக்கொள்வதும் உண்டு.

மூன்று நாள் கழித்து மதியம். மழை பெய்து கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எமாருவில் நாய்கூடத் தூங்கும். மிசி குடையைப் பிடித்தபடி முகமெல்லாம் பல்லாக என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"கல்தாக்! இன்று ஒருவர் என் கதவைத் தட்டினார். நாகரிகம் வேர்விடுகிறது!"

"யாரு மிசி?"

"'உள்ளே வாருங்கள்' என்றேன். வரவில்லை. கூச்சம் போலும்."

"எப்படித் தட்டினாங்க?"

என் வாசல் கம்பத்தில் விரல் கணுவால் தட்டிக் காட்டினார்.

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னும் ஒன்று.

லெய்சாலே கையிலிருந்த லாப்லாப் பொட்டலம் கீழே விழுந்தது. கிழங்கும் தேங்காய்ப்பாலும் வாழையிலையிலிருந்து வழிந்து தரையில் ஓடின. அதை யாரும் எடுக்கவில்லை.

எங்கள் தீவில் யாரும் தட்டமாட்டார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் பத்தடி தள்ளி நின்று இருமுவோம். உள்ளே இருப்பவர் பதிலுக்கு இருமினால் வரலாம் என்று அர்த்தம். இருமாமல் வருகிறவருக்குப் பதில் கிடையாது. ஏனென்றால் செத்தவர்களுக்கு மூச்சு இல்லை, மூச்சில்லாதவரால் இரும முடியாது. எங்கள் குழந்தைகள் நடக்கப் பழகும் முன்பே இதைப் பழகிவிடும். லோரிமர் பாதிரி பத்தொன்பது வருஷம் எங்களைத் திருத்தப் பார்த்தார். "நான் என்ன மாடா, வாசலில் நின்று செருமுவதற்கு?" என்பார். விடியற்காலையில் வீடுவீடாகப் போய் ஜெபத்துக்கு எழுப்புவார். கதவில்லாத வீடுகளில் கம்பத்தைத் தட்டுவார். மூன்று, பிறகு ஒன்று. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, நாலாவதை மிசி தனக்காகத் தட்டிக்கொள்கிறார் என்று தலைவர் சொல்வார்.

லோரிமர் படுக்கையில் சாகவில்லை.

மூன்று நாள் காய்ச்சல். வறட்டு இருமல்: குட்டையாக இரண்டு, கடைசியில் ஒரு விசில். கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். மூன்றாம் நாள் மதியம் புயல் வந்தது. அவர் உள்ளறையில் படுத்திருப்பதாக நினைத்து, முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு மேஜைக்கடியில் பதுங்கினேன். கோயில் கூரை பறந்துவிடுமோ என்று பார்க்க அவர் எப்போது எழுந்து போனார் என்று எனக்குத் தெரியாது. காற்றில் கடலும் காடும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன. அப்போது கதவு தட்டப்பட்டது. மூன்று. ஒன்று. காதைத் தீட்டிக் கேட்டேன். இருமல் வரவில்லை.

இருமாத ஒன்றுக்கு நான் எப்படித் திறப்பேன்?

சாயங்காலம்வரை தட்டியது. புயல் ஓய்ந்து கதவைத் திறந்தபோது, சாய்ந்து உட்கார்ந்திருந்த லோரிமர் அப்படியே என் காலில் விழுந்தார். துடைத்து, உலர்ந்த சட்டை மாட்டிப் படுக்கையில் கிடத்தினேன். தலைவருக்கும் லெய்சாலேக்கும் மட்டும் சொன்னேன். அடக்கம் செய்த மறுநாள் மதியத்திலிருந்து அந்தக் கதவு தட்டப்பட்டது. கழற்றிக் கொண்டுபோய் அவர் மேலேயே போட்டோம். இந்தா, உன் கதவு, நீயே வைத்துக்கொள் என்பதுபோல. நின்றுவிட்டது.

இப்போது அதைத் திருப்பி மாட்டியது நான்.

மிசியைக் கெஞ்சினேன். "எங்க வீட்டுல வந்து இருங்க மிசி. அந்த வீடு வேணாம்."

சிரிப்பு போய்விட்டது. "புரிகிறது. என்னைப் பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறீர்கள். லோரிமரையும் இப்படித்தான் செய்தீர்களோ?"

அன்றிலிருந்து சந்தேகம் தீவின் முக்கிய விளைச்சலாயிற்று. லெய்சாலே கொண்டுபோன சாப்பாட்டை, "முதலில் நீ உண்" என்றார்.

"எனக்கென்ன மிசி, ரெண்டு தட்டும் நானே சாப்பிடுறேன். நீங்க மெலிஞ்சாத்தான் எங்களுக்கு பீரங்கி."

அவள் சாப்பிட்டுக் காட்டியும் அவர் தொடவில்லை. பெட்டியிலிருந்த பிஸ்கட்டையும் கொய்னா மாத்திரையையும் வைத்தே காலம் தள்ளினார். கன்னம் ஒட்டிப்போயிற்று. தலைவர் என்னை ஓரமாக இழுத்தார்.

"உண்மையச் சொல்லு. நீதான் தட்டுறியா?"

"நான் எதுக்குத் தலைவரே?"

"பின்ன யாரு? நான்னு நெனைக்கிறியா?"

நினைத்தேன். அவரும் என்னை நினைத்தார். மறுநாள் மதியம் இரண்டு பேரும் மிஷன் வீட்டெதிரே செம்பருத்திப் புதரில் ஒளிந்தோம், ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு. தலைவர் ஒரு கதாயுதம் கொண்டுவந்திருந்தார். அவர் தாத்தா அதை வைத்து ஏழு பேரை அடித்தாராம்.

மழை விட்டுத் தூறியது. வராந்தாவில் யாரும் இல்லை.

மூன்று. ஒன்று.

கதவு அதிர்வதைப் பார்த்தேன்.

உள்ளிருந்து மிசியின் குரல், சலிப்போடு: "உள்ளேதான் வாருங்களேன்!"

கதவு ஒரு சாண் உள்ளே போனது. நின்றது. மெதுவாக மூடிக்கொண்டது. ஈரப் புல்லின் வாடையும், பழைய கம்பளிக் கோட்டு நனைந்தால் வருகிற வாடையும் எங்கள் பக்கம் வந்தன.

ஏழு பேரை அடித்த கதாயுதம் புதரிலேயே கிடந்தது. மறுநாள்தான் போய் எடுத்துக்கொண்டோம். குன்றிலிருந்து இறங்குவதில் தலைவர் என்னை முந்தினார் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அதன்பின் இரண்டு நாள் மிசி வெளியே வரவில்லை. ஜெபமணி அடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிறு, பளீரென்ற வெயில். மதியம் லெய்சாலே சொன்னாள்:

"போய்ப் பாருய்யா. போன தடவ மாதிரி மேசைக்கடியில ஒளியாத."

குன்றேறினேன். பத்தடி தள்ளி நின்று இருமினேன். பதில் இருமல் இல்லை.

மறுபடி இருமினேன்.

கதவு தட்டப்பட்டது.

உள்ளேயிருந்து.

மூன்று. இடைவெளி. ஒன்று.

"மிசி?" என்றேன். "மிசி, நீங்கதானா? ஒரு தடவ இருமுங்க. ஒரே ஒரு தடவ!"

தட்டு மட்டும் வந்தது. முன்னைவிட மெதுவாக. தெரிந்த சட்டம்தான். குழந்தைக்கும் தெரியும். என் கால் ஏற்கெனவே கீழ்ப்பக்கம் திரும்பிவிட்டது. அப்போதுதான் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

வெளியிலிருந்து போடப்பட்டிருந்தது.

அதன்முன் பலகைத் தரையில் இரண்டு பூட்ஸ் தடங்கள், ஈரமாக. மூன்று நாளாக மழை இல்லை. தீவில் பூட்ஸ் போடுகிறவர் ஒரே ஒருவர். அவர் உள்ளே இருந்தார். தடங்களின் நுனி கதவை ஒட்டியிருந்தது. காதைப் பலகையில் வைத்து, உள்ளே தட்டுகிறவனைக் கேட்டுக்கொண்டு, திறக்காமல் நிற்கிற ஓர் ஆள் அப்படித்தான் நிற்பான்.

நான் அப்படிப் பதுங்கியிருந்தது மேஜைக்கடியில். வித்தியாசம் அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் எட்ட வேண்டுமானால் அந்தத் தடங்களின் மேல்தான் நிற்க வேண்டும். நின்றேன். பாதத்தின் கீழே பலகை குளிர்ந்தது. தாழை இழுத்தேன். வரவில்லை, யாரோ கைவைத்திருப்பதுபோல.

"மிசி லோரிமர்," என்றேன், கதவைப் பார்த்தே. "அன்னிக்கு நான் திறந்திருக்கணும். தப்பு என்னுது. இவர விட்டுடுங்க."

தாழ் நகர்ந்தது.

கார்டைன் கதவோரமாக விழுந்து கிடந்தார். உடம்பு கொதித்தது. உதடு வெடித்து, விரல் கணுக்களில் தோல் உரிந்திருந்தது. தூக்கியபோது கோட்டைத் தவிர எடையே இல்லை. என் காதருகே, முதல்முறையாகப் புத்தகமில்லாத பாஷையில் பேசினார்.

"ரெண்டு நாளா தட்டுறேன். நீ வெளியதான நின்ன? ஏன் திறக்கல?"

"நான் இல்ல மிசி."

"பொய். சத்தம் கேட்டுச்சே. தொண்டையச் செருமிச் செருமிப் பாத்துக்கிட்டே இருந்த. எதையோ பழகுற மாதிரி."

அவரைச் சுமந்துகொண்டு குன்றிறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் ஆறு வாரம் கிடந்தார். ஒரே தட்டில் லெய்சாலே ஒரு வாய், அவர் ஒரு வாய் என்று தேறினார். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். நோட்டை எடுக்கவில்லை. கதவை அவரே கழற்றி, நானும் அவருமாகக் கல்லறைமேல் போட்டு, இரண்டு மடங்கு கல் அடுக்கினோம். அவர் ஜெபம் சொன்னார். மிகவும் சுருக்கமான ஜெபம்.

கப்பலோடு போர்க்கப்பலும் வந்தது. விரல் தழும்புகளைக் கேப்டன் பார்த்தார்.

"பூட்டி வைத்தார்களா? வெளியே தாழ்ப்பாள் வைத்தது யார்?"

மிசி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய சந்தேகம் முழுசாகப் போயிருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"அப்படி மாட்டச் சொன்னது நான்தான்," என்றார். "காற்றில் விழுந்துவிட்டது."

ஆர்மோனியத்தை விட்டுவிட்டுப் போனார். தலைவர் புதுப் பன்றிக்குட்டி வாங்கினார். கதவு கல்லறையில் கிடக்கிறது. கற்கள் அசையவில்லை. தட்டுகிற சத்தம் தீவில் எங்குமே இல்லை. பத்து மாதம்.

இன்று மதியம் மழை. வாசலில் பாயை இறக்கிவிட்டுக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். லெய்சாலே சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே, பத்தடி தள்ளி, யாரோ இருமினார்கள்.

குட்டையாக இரண்டு. கடைசியில் ஒரு விசில்.

கத்தியைப் போட்டுவிட்டு அவள் வாயைப் பொத்தப் பாய்ந்தேன். பிறந்ததிலிருந்து பழகிய மரியாதை. தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமல், அவள் பதிலுக்கு இருமிவிட்டாள்.

பாயின் கீழ்நுனி தூக்கிக்கொண்டது.