வண்டி எடுத்துக்கிச்சி!

இலக்கியாவுக்குக் கழுத்தை நினைத்தால்தான் பயம்.

ரக்பி ஆட்டத்தில் 'ஸ்க்ரம்' என்று ஒன்று உண்டு. இரண்டு அணியிலும் மூன்று மூன்று பேர் தோளோடு தோள் பிணைந்து குனிவார்கள். எதிர் அணியினரின் தலைகளுக்கு நடுவே தலையைச் செருகித் தள்ளுவார்கள். நடுவில் நிற்பவளின் கைகள் இரண்டும் தோழிகளின் தோளில் இருக்கும். சரிந்தால் ஊன்றக் கை கிடையாது.

வெள்ளிமலைப் பெண்கள் அணியில் இலக்கியா நிற்பது அந்த நடுவில்தான்.

சீசனின் முதல் ஆட்டம் மலேசிய கிளப்புடன். அதில் ஸ்க்ரம் சரிந்தது. கழுத்து மடங்கி, கத்தக்கூட முடியாமல், "ஹ்க்... ஹ்க்..." என்று மூச்சு மட்டும் வந்தது. அந்தச் சத்தம் இன்னும் அவள் கனவில் வருகிறது.

இன்று கள்ளக்குறிச்சி மைதானத்தில் நேபாள கிளப்புடன் கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் கொழும்பில் இறுதிப் போட்டி. விமானத்தில் போகலாம்!

"நிர்மலாக்கா, வேற யாரையாவது நடுவுல வுடுங்கக்கா. பயமா இருக்குது."

"வேற ஆளு இல்லம்மா," என்றார் பயிற்சியாளர் நிர்மலா. "யாருக்கு வலிச்சாலும் இன்னா கத்தணும்?"

"கழுத்து!"

"கத்தினா?"

"எல்லாரும் தள்றத நிறுத்தணும்."

நிர்மலா பக்கத்தில் நின்ற இன்னொரு வீராங்கனை இசைவாணியின் காதைத் திருகினார். "கேட்டுக்கினியாடி? பஸ் தள்ளிக்கினு இருக்கறதா நெனச்சுக்காத!"

இசைவாணி அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். வெள்ளிமலைக்குப் போகும் மினி பஸ் அடிக்கடி வழியில் நின்றுவிடும். அதில் போகும் அணிப் பெண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருண்டு வரும். அதனால் என்ஜின் கிளம்பி, டிரைவர் செல்லமுத்து 'வண்டி எடுத்துக்கிச்சி!' என்று கத்தும்வரை யாரும் நிறுத்த மாட்டார்கள். அவர்களுடைய பலமும் அதுதான். ஆபத்தும் அதுதான்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். நேபாளம் மூன்று புள்ளி முன்னால் இருந்தது. எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்க்ரம்! கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி.

வலப்பக்கம் இசைவாணி, இடப்பக்கம் பாரதி. எதிரே நடுவில் மாயா என்ற ஒல்லிப் பெண். இலக்கியாவின் காதும் அவள் காதும் உரசின.

"தள்ளுடி! கொழும்புடி!" என்று பாரதி உறுமினாள்.

தள்ளினார்கள். நேபாள அணி நகர்ந்தது. கோடு நெருங்கியது.

அப்போது காதருகே அந்தச் சத்தம். "ஹ்க்... ஹ்க்..."

தன்னுடைய மூச்சா? இல்லை, மாயாவுடையது! அவள் தாடை நெஞ்சில் புதைந்திருந்தது. அவளால் கத்த முடியவில்லை.

"கழுத்து!" என்று இலக்கியா அலறினாள்.

கூட்டத்தின் இரைச்சலில் நடுவருக்குக் கேட்கவில்லை. தோழிகள் காதில் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

"கழுத்துடி! நிறுத்துங்கடி!"

நிற்கவில்லை. மாயாவின் மூச்சு மெலிந்தது. இவர்கள் யார் சொன்னால் நிறுத்துவார்கள்?

அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"வண்டி எடுத்துக்கிச்சி! வுடு வுடு வுடு!"

இசைவாணியும் பாரதியும் சட்டென்று விட்டுவிட்டு ஓரமாகத் துள்ளி நின்றார்கள். இசைவாணி பழக்கத்தில் பஸ்ஸைக்கூடத் தேடினாள்.

மாயா தரையில் கிடந்தாள். நடுவர் விசில் ஊதினார். மருத்துவர் ஓடி வந்தார்.

மெல்ல, மாயாவின் விரல்கள் அசைந்தன. பிறகு கால்கள். பிறகு அவள் எழுந்து உட்கார்ந்து இருமினாள். இலக்கியாவின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. ஓய்வெடுக்க வெளியே அழைத்துப்போனபோதுதான் விட்டாள்.

மறுபடி ஸ்க்ரம் நடந்தது. இந்த முறை பந்து நேபாளத்திடம் போனது. நேரம் தீர்ந்திருந்ததால் அவர்கள் அதை மைதானத்துக்கு வெளியே உதைத்தார்கள். ஆட்டம் முடிந்தது; நேபாளம் ஜெயித்தது.

"வண்டியும் போச்சி, ஏரோப்ளேனும் போச்சி," என்றாள் பாரதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு வெளியே உட்கார்ந்திருந்த மாயாவைப் பார்த்துவிட்டு இலக்கியாவின் தோளைத் தட்டினாள். "நல்லவேளடி, கத்தின."

மறுநாள் விருந்தாளிகளுக்குப் பெரியார் அருவியைக் காட்ட மினி பஸ்ஸில் கிளம்பினார்கள். ஏற்றத்தில் வண்டி நின்றது. வேறென்ன செய்யும்?

இரண்டு அணிகளும் இறங்கித் தள்ளின. மாயாவை மட்டும் யாரும் தள்ள விடவில்லை. அவள் ஓரமாக நின்று பார்த்தாள். என்ஜின் உறுமியது. செல்லமுத்து வாயைத் திறப்பதற்குள் பளிச்சென்று ஒரு குரல்:

"வண்டி எடுத்துக்கிச்சி!"

கத்தியது மாயா! நேற்று தன் காதருகே கேட்டதை அப்படியே! எல்லோரும் கையை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செல்லமுத்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "யாரும்மா அது? என் டயலாக்கையும் புடுங்கிக்கினீங்களா?"