விடுவித்த இடம்

அன்று கிடங்கில் இருந்தவர்கள்: முதலாளி அரங்கசாமி, கணக்கு எழுதும் செவ்வந்தி, கதவுக்குப் புரோகிராம் எழுதிய வம்சி. குளிர் அறைக்கு உள்ளே, கதவோரத் திரையின்படி, பிரான்சிஸ்.

பிரான்சிஸ் போன மாதமே செத்துவிட்டான். கடைசி வரிசையில் மிளகாய் மூட்டைகள் சரிந்து அவன்மேல் விழுந்தன.

"செத்தவன் தினமும் ஆஜர் குடுக்கறானப்பா," என்றார் அரங்கசாமி. "சம்பளம் கேக்காத வரைக்கும் சரி. ஆனா கதவு பூட்ட மாட்டேங்குதே. லீவு உடறதுக்குள்ள சரி பண்ணிப்போடு கண்ணு."

செவ்வந்தி சிரிக்கவில்லை. பிரான்சிஸ் அவள் தம்பி.

பார்த்ததுமே வம்சிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மதுக்கரை தாண்டியிருந்த அந்தக் கிடங்குக்கு சி என்ற கணினி மொழியில் அவன் எழுதிக் கொடுத்தது எளிய ஏற்பாடு. உள்ளே போகிறவர் கார்டைத் தொட்டால், மாலக் என்ற கட்டளை நினைவகத்தில் ஓர் இடம் வாங்கித் தரும். அதில் அவர் பெயர் ஏறும், அவர் கார்டுக்கு எதிரே அந்த இடத்தின் முகவரி குறிக்கப்படும். முன்னால் போனவரின் இடம் இந்த இடத்தின் முகவரியைப் பிடித்துக்கொள்ளும். ஆளுக்குப் பின் ஆளாகச் சங்கிலி நீளும். வெளியே வரும்போது மறுபடி தொட்டால் அந்தக் கண்ணி கழன்று, இடம் விடுபடும். சங்கிலி காலியானால் விளக்கு அணையும், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் கார்டுக்கும் திறக்காது; உள்பக்கம் கைப்பிடி கிடையாது. பீடிக்கு அடிக்கடி வெளியே வருகிறார்கள் என்று அரங்கசாமிதான் கழற்றச் சொன்னார்.

பிரான்சிஸைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது யாரும் கார்டைத் தொடவில்லை.

"அவர் கார்டு எங்கீங்க்கா?"

"கழுத்துல கெடந்துச்சு தம்பி. அப்படியே பொதச்சுப்போட்டோம்."

வம்சி லேப்டாப்பை இணைத்தான். பிரான்சிஸின் கண்ணியைக் கழற்றினான். அந்த இடத்தை விடுவித்தான். திரை காலியானது. தாழ் விழுந்தது.

"அழிச்சுப்போட்டீங்களா?"

"ஆமாங்க்கா. இனிப் பிரச்சனை இல்லீங்."

"அவன் இன்னும் வெளிய வரலீங்களே," என்றாள் செவ்வந்தி. பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அரங்கசாமி கார் சாவியைத் தேடினார். "ஒருக்கா உள்ள போயி கடைசி லைட்டு வரைக்கும் எரியுதான்னு பாரு. அப்புறம் கேட்டைச் சாத்திட்டுப் போ. பொங்கல் முடிஞ்சாத்தான் இனி ஆளு வரும்."

வம்சி கார்டைத் தொட்டான். பீப். உள்ளே நுழைந்ததும் கதவு தன் கனத்தில் மெதுவாகச் சாய்ந்து பின்னால் மூடிக்கொண்டது, பூட்டவில்லை, உள்திரையில் அவன் பெயர் ஒளிர்ந்தது, மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்து வரிசைகளுக்குள் ஓடின. வெளியே கார் கிளம்பும் சத்தம் இரும்புச் சுவரில் பட்டு மங்கியது. மூட்டைகளின் காரம் மூக்கில் ஏறியது, குளிர்காற்றாடியின் முனகல் பல்லுக்குள் இறங்கியது, அவன் விட்ட மூச்சு புகையாக முன்னால் நடந்தது. கடைசி வரிசைக்கு வந்தபோது காரத்துக்கு அடியில் வேறொரு வாசனை. ஈர மண். இந்த அறையில் மண்ணே கிடையாது.

கடைசி விளக்கு எரிந்தது. திரும்ப நினைத்தவன் நின்றான்.

இடத்தை விடுவித்தான், சரி. ஆனால் பிரான்சிஸின் கார்டுக்கு எதிரே குறித்திருந்த முகவரி? அதை அழிக்கவில்லை. அந்தக் கார்டு இன்னும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. விடுபட்ட இடத்தைத்தான் மாலக் அடுத்து வருகிறவருக்குத் தூக்கிக் கொடுக்கும். அடுத்து வந்தவன் வம்சி. ஆக, அந்தக் கார்டைத் தொட்டால் கழன்று போவது வம்சியின் பெயர்.

முட்டாள்தனம். யார் தொடுவது? கார்டு குழிக்குள் இருக்கிறது.

போனை எடுத்தான். சிக்னல் இல்லை. அவனுடைய கார்டு சட்டைப் பையில்தான் இருந்தது. இருக்கிறது. தொட்டுப் பார்த்தான். நடந்தான். வேகமாக.

மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் இன்னொரு காலடிச் சத்தம். அவனுக்கு முன்னால். கதவை நோக்கி.

ஓடினான்.

பீப்.

வரிசை முடிவில் திரை தெரிந்தது. அதில், 'வம்சி வெளியேறினார்.'

கதவு திறந்தது. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு முதுகு. நசுங்கிய தோள். கழுத்துக் கயிற்றில் ஆடும் கார்டு. காலடியில் உதிரும் மண்.

"பிரான்சிஸ்!"

அது திரும்பவில்லை. வாசலைத் தாண்டியது.

விளக்குகள் பின்னாலிருந்து அணைந்துகொண்டே வந்தன. கடைசியாக அவன் தலைக்கு மேலிருந்ததும் அணைந்தது.

வெளியே போன உருவத்தின் பின்னால் கதவு மூடியது. தாழ் விழுந்தது.