அழுகை நின்ற சுரங்கம்

சுரங்கத்தை விட்டு ரயில் வெளிச்சத்துக்குள் வந்தபோது கமலினி அழுகையை நிறுத்தியிருந்தாள்.

காலையிலிருந்து அவளை அடக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்த ரஞ்சினிக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். பிறகுதான் ஒன்று உறுத்தியது. இருட்டுக்குள் நுழையும்போது பிள்ளை அவளுக்கு இடதுபக்கத்தில், கண்ணாடி இல்லாத யன்னலின் மரச்சட்டத்தைப் பிடித்தபடி இருந்தாள். இப்போது வலதுபக்கத்தில் இருந்தாள். கைகள் இரண்டும் மடியில். பார்வை நேரே முன்னால். அங்கே வருவதற்கு ரஞ்சினியின் முழங்கால்களைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். யாரும் தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை.

"எப்ப பிள்ளை இந்தப் பக்கம் வந்தனி?"

"ஓம் அம்மா," என்றாள் கமலினி.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு ஓகஸ்ட் பள்ளி விடுமுறை. ரஞ்சினி மெல்பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் தாதி. கிடைத்த லீவு நாளில் ஃபுட்ஸ்கிரேயில் இருந்த தங்கள் ஃபிளாற்றின் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருக்கத்தான் ஆசைப்பட்டாள். அவள் கணவன் இந்திரகுமாரிடம் அது எடுபடவில்லை. கிழக்கே மலைக்காட்டுக்குள் பழைய நீராவி ரயில் ஒன்றை ஆர்வலர்கள் சிலர் மறுபடி ஓட்டுகிறார்களாம், வேலையிடத்தில் எல்லாரும் பிள்ளைகளோடு போய்விட்டார்களாம். போகும் வழியில் அவள் இடப்பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் அவன் வலப்பக்கம் திரும்பினான். அதனால் முதல் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்காகக் குளிரில் காத்திருந்த நேரமெல்லாம் புதுச் சப்பாத்து கடிக்கிறது, வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம் என்று பிள்ளை ஆங்கிலத்தில் ஒரே நச்சரிப்பு. ஐந்து வயதுக்காரி. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து தமிழில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் மறுமொழி சொல்வாள்.

சற்றுமுன் சுரங்கத்துக்குள் பெட்டி விளக்குகள் எரியவில்லை. இந்திரகுமார் எஞ்சினைக் கிட்டே பார்க்கவேண்டும் என்று பெட்டியின் முன்வாசலுக்குப் போயிருந்தான். மற்றப் பயணிகள் நாலைந்து வாங்கு இருக்கைகளுக்கு அப்பால். அவித்த முட்டையும் ஈரக் கரியும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றத்தோடு புகை யன்னல் வழியே அடித்து நுழைந்து தொண்டையைப் பிடித்தது. கமலினி இருமிக்கொண்டே அம்மாவின் மேல் ஏறப் பார்த்தாள். சப்பாத்துக் குதி தொடையில் குத்தியது. "ஒரு நிமிஷம் சும்மா இரன் பிள்ளை," என்று ரஞ்சினி அந்தக் கைகளைத் தன் கழுத்திலிருந்து எடுத்து அப்பால் விட்டாள். அதன்பிறகு சக்கரங்களின் இரைச்சல் மட்டும் சுவர்களில் மோதித் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தச் சின்ன மலைக்கு அவ்வளவு நீளமான சுரங்கம் ஏன் என்று அவள் எரிச்சலோடு நினைத்தது நினைவிருந்தது.

வெளியே உயர்ந்த மரங்களும் ஈரமான பன்னச் செடிகளும் பின்னே போயின. கமலினி எதையும் பார்க்கவில்லை.

"எங்கட ஆள் நல்லபிள்ளையாகிட்டா போல," என்று முகத்தில் கரிப்பொடியோடு திரும்பி வந்தான் இந்திரகுமார். "ரயில் பிடிச்சிருக்கோ?"

"ஓம் அப்பா."

அவன் ரஞ்சினியைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தான். "கேட்டீரே? தமிழிலை சொல்லுறாள். எத்தினை நாள் சொல்லியிருப்பன், வெளியிலை கூட்டிக்கொண்டு போனால் பிள்ளையள் திருந்துங்களெண்டு."

"இஞ்சருங்கோ, இவள் ஏதோ மாதிரி இருக்கிறாள்."

"உமக்கு அழுதாலும் குறை, அழாட்டியும் குறை."

மலையுச்சி நிலையத்தில் ரயில் ஒரு மணி நேரம் நின்றது. தகரக் கூரை போட்ட கடையில் தேநீரும் கேக்கும் விற்றார்கள். பிள்ளைகள் புல்லில் ஓடினார்கள். கமலினி மரவாங்கில் வைத்த இடத்தில் இருந்தாள். முட்டை சேர்த்த சான்ட்விச்சைக் கண்டாலே ஓங்காளிப்பவள், கொடுத்ததை ஒரே சீராக மென்று விழுங்கினாள். விழுங்கி முடித்ததும் அடுத்ததற்காக வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்த மூச்சில் பால் மணம் இல்லை. வெயில் படாத கல்லின் மணம்.

ரஞ்சினி அவள் முன்னால் குந்தியிருந்தாள். "சப்பாத்துக் கடிக்குதோ?"

"ஓம் அம்மா."

"நோகுதோ?"

"ஓம் அம்மா."

"நோகேல்லையோ?"

"ஓம் அம்மா."

ரஞ்சினி சப்பாத்தைக் கழற்றிச் சொக்ஸை உருவினாள். காலையில் அவள் கையால் ஒட்டிய பிளாஸ்டர் குதியில் அப்படியே இருந்தது. மெதுவாக உரித்தாள். கடலையளவு கொப்புளம் உடைந்து சிவந்திருந்த இடம் அது. இப்போது அங்கே ஒன்றுமில்லை. வழுவழுவென்று, ஒருநாளும் நடக்காத காலின் தோல் போல இருந்தது. அவள் எத்தனையோ காயங்களுக்கு மருந்து கட்டியவள். எந்தக் காயமும் இப்படி ஆறாது.

கடைக்குப் பக்கத்தில் நின்று எஞ்சினின் நீராவியை ரசித்துக்கொண்டிருந்த இந்திரகுமாரை அழைத்துவந்து காலைக் காட்டினாள்.

"புண் மாறீட்டுது," என்றான் அவன்.

"மூண்டு மணித்தியாலத்திலை எப்பிடி மாறும்?"

"அப்ப நீர் மற்றக் காலிலை ஒட்டியிருப்பீர்."

"மற்றக் காலிலையும் ஒண்டுமில்லை. பாருங்கோவன்."

அவன் பார்க்கவில்லை. "ரஞ்சினி, ரெண்டு இரவு நித்திரை முழிச்ச ஆள் நீர். தேத்தண்ணியைக் குடியும். ஒருநாள், ஒரேயொரு நாள் சந்தோஷமா இருப்பம் எண்டு வந்தனாங்கள்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. சொல்லச் சொல்ல யாருக்கும் கேட்காத ஒரு பாஷையில் தான் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. இந்த மனிதனுக்கு எதைத்தான் காட்டினால் கண் தெரியும்?

அவள் தண்டவாளத்தோரமாகச் சுரங்கத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள். ஏன் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வேலி முடியும் இடத்தில் ரயிலின் கார்ட் மறித்தார். வெள்ளை மீசை வைத்த, நல்ல முகமுள்ள மனிதர். பாதையில் பயணிகள் இறங்கக்கூடாது என்றார்.

"திரும்பிப் போகும்போது சுரங்கத்துக்குள் ரயிலை நிறுத்துவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நிறுத்த முடியாது என்றார் அவர். அங்கே சரிவு அதிகம், பழைய பிரேக் தாங்காது, நிறுத்தினால் சறுக்கும். "ஏதாவது விழுந்துவிட்டதா அம்மணி?"

"ஓம்," என்று தமிழில் வந்துவிட்டது. திருத்திச் சொன்னாள்.

"என்ன விழுந்தது?"

ரஞ்சினி திரும்பி வாங்கைப் பார்த்தாள். சிவப்புக் கம்பளிச் சட்டை, இரட்டைப் பின்னல். இந்திரகுமார் ஏதோ பகிடி சொல்ல, அது அவன் முகத்தையே பார்த்தபடி இருந்தது. கார்டும் அந்தப் பக்கம் பார்த்தார். பொருள் போனால் போகட்டும், பிள்ளை பத்திரமாக இருக்கிறாளே, அதுதானே முக்கியம் என்றார். விசிலை வாயில் வைத்தார்.

திரும்பும் ரயிலில் அவள் வேண்டுமென்றே அதே பெட்டியில், அதே யன்னலோரத்தில் இருந்தாள். பிள்ளை நடுவில். இந்திரகுமார் அந்தப் பக்கத்தில். எஞ்சின் இன்னும் புறப்படவில்லை. பழக்க தோஷத்தில் அவள் விரல்கள் பிள்ளையின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. குளிர்ந்த மணிக்கட்டு. நாடி இல்லை. விரலை நகர்த்தினாள். இல்லை.

எஞ்சின் ஒருமுறை பெருமூச்சு விட்டது. பெட்டி அசைந்தது.

விரலுக்கடியில் ஒரு துடிப்பு.

சக்கரம் தண்டவாளப் பொருத்து ஒன்றைக் கடந்தது. இன்னொரு துடிப்பு. ரயில் வேகம் எடுக்க எடுக்க நாடியும் எடுத்தது. டக்கடக், டக்கடக். வளைவில் ரயில் தயங்கியபோது அதுவும் தயங்கியது.

அவள் கையை உதறினாள்.

"இது எங்கட பிள்ளை இல்லை," என்றாள்.

"என்ன?"

"எங்கட பிள்ளை சுரங்கத்துக்கை நிக்குது. ரயிலை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் சொன்னால் ஒருத்தரும் கேக்கினம் இல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

முன்வாங்கில் இருந்த வெள்ளைக்கார மனுஷி திரும்பிப் பார்த்தாள். இந்திரகுமாரின் முகம் வெட்கத்தில் கறுத்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உமக்கு என்ன விசரே? பிள்ளைக்கு முன்னாலை கதைக்கிற கதையே இது? பேசாமல் இரும். வீட்டை போய்க் கதைப்பம்."

"வீட்டை போனால் பிந்திப்போயிடும்."

எழுந்தாள். அவன் தோளைப் பிடித்து இருத்தினான். மறுபடி எழுந்தாள். மறுபடி இருத்தினான். அவர்களுக்கு நடுவே இருந்தது இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குக் கோபமில்லை. பயமில்லை. நேரம் வரட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது.

வெளிச்சம் அறுந்தது.

புகை. ஈரக் கரி. இரைச்சல். யன்னல் சட்டங்களுக்கு இடையே முகத்தைக் கொடுத்து அவள் உற்றுக் கேட்டாள். சக்கரம்தான் கேட்டது. சக்கரம். தண்ணீர் சொட்டுவது. சக்கரம்.

பிறகு அதற்கு அடியில் ஒன்று.

கற்கள் சரசரக்கும் சத்தம். சல்லிக் கற்களின் மேல் சின்னக் கால்கள் ஓடும் சத்தம். ரயிலோடு சேர்ந்து, யன்னலுக்கு நேர் கீழே. இருமல். அழுதழுது அடைத்துப்போன தொண்டையின் இருமல்.

"அம்மா."

"கமலி," என்று கத்தினாள். "கமலி, இஞ்ச. அம்மா இஞ்ச."

தோள்மூட்டு இடிபட, கையை இருட்டுக்குள் நீட்டினாள். ஈரக் காற்று. வெறும் காற்று. இன்னும் நீட்டினாள். விரல் நுனியில் ஏதோ பட்டது.

சூடான விரல்கள். வியர்த்த, பிசுபிசுத்த, உயிருள்ள விரல்கள். அவள் பெற்ற விரல்கள். அவை அவளுடைய இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"விடாத பிள்ளை. ஓடு. விடாத. இஞ்சருங்கோ, பிடிச்சிட்டன், இழுங்கோ என்னை."

"கையை உள்ளை எடும், ரஞ்சினி. சுவரிலை அடிபடப்போகுது."

அவன் அவள் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தான். சரிவு வந்தது. ரயில் வேகமெடுத்தது. சின்னக் கால்கள் தடுக்கின. மறுபடி ஓடின. ஒரு விரல் நழுவியது.

"அம்மா, நில்லுங்கோ. அம்மா." பயத்தில் பிள்ளைக்கு ஆங்கிலமெல்லாம் மறந்துபோயிருந்தது.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. குளிர்ந்த, உலர்ந்த, மெத்தென்ற கைகள். அவசரமில்லாமல் அவள் கூந்தலை ஒதுக்கின. காதுகள் இரண்டையும் இதமாகப் பொத்தின.

சத்தமெல்லாம் அடங்கிப்போயிற்று. கடைசி விரல் நழுவியதை அவளால் உணர மட்டுமே முடிந்தது.

வெளிச்சம் வந்தது. பன்னங்கள். மரங்கள். மாலை வெயில். சட்டத்துக்கு வெளியே தொங்கிய கையில் ஐந்து விரல்களும் விரிந்தபடி இருந்தன. பின்னால் சுரங்கத்தின் வாய் சிறுத்துக்கொண்டே போனது. இந்திரகுமார் அவள் இடுப்பை விட்டான். மூச்சு வாங்கச் சிரித்தான். அவன் உதடுகள் அசைந்ததைப் பார்த்துத்தான் அவள் சொற்களை அறிந்தாள்.

"பாரும். உமக்குச் சத்தம் கூடாதெண்டு பிள்ளைக்கு விளங்குது."

காதுகளைப் பொத்திய கைகள் எடுபடவில்லை.